பொன்செல்வியின் வலிக்கு மூன்றரை மார்க்

லிங்கதுரை சாரிடம் கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கியவன் பாளையங்கோட்டையில் இன்னும் பிறக்கவில்லை என்று பிள்ளைகள் சொல்வார்கள். விடை சரியாக இருந்தால் வழியில் ஒரு குறை, வழியும் சரியாக இருந்தால் கையெழுத்தில் ஒரு குறை. அரை மார்க்காவது பிடித்து வைத்துக்கொள்ளாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. ஆனால் கெட்ட மனிதர் என்று யாரும் சொல்லிவிட முடியாது. பிரம்பைத் தொட்டதில்லை, குரலை உயர்த்தியதில்லை. வீட்டிலும் அப்படித்தான். மனைவி பொன்செல்வி மேல் ஒரு நாளும் கை நீட்டியதில்லை. தெருவில் உள்ள பெண்கள் தங்கள் வீட்டுக்காரர்களோடு சண்டை போடும்போதெல்லாம் அவரைத்தான் உதாரணம் காட்டினார்கள். அந்தப் பெயர் அவருக்கும் பிடித்திருந்தது.

பொன்செல்விக்கு இடுப்புக்குச் சற்று மேலே, முதுகெலும்பை ஒட்டி வலி. திருநெல்வேலி டவுனில் ஒரு சேலைக்கடையில் பட்டு செக்‌ஷனில் வேலை பார்க்கிறாள். பின்னால் திரும்பி அலமாரியிலிருந்து சேலையை எடுக்க வேண்டும், முன்னால் திரும்பி விரித்துப் போட வேண்டும், பிடிக்கவில்லை என்றால் மடித்து மறுபடி பின்னால் வைக்க வேண்டும். உட்காருவதற்கு நாற்காலி உண்டு. உட்கார்ந்துகொண்டு எப்படிச் சேலை எடுத்துப் போடுவது என்பதைத்தான் யாரும் சொல்லித் தரவில்லை. வலி தொடங்கிப் பல வருஷம் ஆகிவிட்டது. பிள்ளை இல்லாத வீடு, மூன்று பேர் துணிமணியும் சாப்பாடும்தானே என்று வீட்டு வேலையும் அவள் தலையில்தான் இருந்தது.

மாமியார் இசக்கியம்மாள் மனதில் எதையும் வைத்துக்கொள்ள மாட்டாள். "இவ நடிக்கா. கடையில நாள் முச்சூடும் நிக்க முடியுது, வீட்டுக்கு வந்தா மட்டும் முதுகு வலிக்கோ?" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொல்லிவிடுவாள். லிங்கதுரை அப்படியெல்லாம் பேசமாட்டார். அவர் சொன்னது வேறு, அதையும் டாக்டர்களிடம் மட்டும்தான் சொன்னார். எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும், பொன்செல்வி தன் வலியைச் சொல்லி முடித்ததும் டாக்டர் அவர் முகத்தைப் பார்ப்பார். வீட்டுக்காரர், அதுவும் வாத்தியார், என்ன சொல்கிறார் என்று பார்ப்பார். லிங்கதுரை ஒரு சின்னச் சிரிப்போடு, "அவ கொஞ்சம் கூட்டித்தான் சொல்லுவா டாக்டர்," என்பார். டாக்டரும் சிரிப்பார். ஒரு தைலம், நாலு மாத்திரை, காலையில் கொஞ்சம் நடக்கச் சொல்லுங்கள். பொன்செல்வி மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிடுவாள்.

அதன் பிறகுதான் வலிசாட்சி வந்தது.

வந்த புதிதில் ஊரே ஆடிப்போனது. ஒருவர் உடம்பின் வலியை ஒரு கம்பி வழியாக இன்னொருவர் உடம்பில் இறக்கலாம் என்றால் சும்மாவா? லீவு கேட்கிற தொழிலாளியின் தலைவலியை மேனேஜர் தானே பார்க்க வேண்டும் என்று ஒரு மில்லில் கேட்டார்கள். கோர்ட்டு கூடாது என்றது. பிரசவ வலியை வீட்டுக்காரர்கள் பார்த்தாக வேண்டும் என்று ஒரு பெண்கள் சங்கம் வழக்குப் போட்டது. அந்த வழக்குக்கு மட்டும் இன்றுவரை தேதி கிடைக்கவில்லை. கடைசியில் அரசாங்கம் எல்லாவற்றையும் தடுத்துவிட்டு ஒன்றே ஒன்றுக்கு அனுமதி கொடுத்தது. முதுகு மூட்டின் நரம்பைச் சுட்டு வலியை நிறுத்துகிற சிகிச்சைக்கு முன்னால், நோயாளியோடு ஒரே வீட்டில் இருக்கிற இரண்டு பேர் அந்த வலியை வாங்கிப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

பொன்செல்வியே விசாரித்து, கடைக்கு லீவு சொல்லி, தேதியும் வாங்கியிருந்தாள். "நீங்களும் அத்தையும் வரணுமாம். ரெண்டு பேரும் சொன்னாத்தான் செய்வாகளாம்," என்றாள். சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்கவில்லை. சாப்பாட்டுக் கேரியரைத் துடைத்துக்கொண்டிருந்தாள், ஏற்கெனவே துடைத்த அடுக்கையே திரும்பத் திரும்ப. 

ஆஸ்பத்திரியில் அவர்களைப் பார்த்த டாக்டர் நிலோபர் பேச்சில் விறுவிறுப்பானவர். லிங்கதுரைக்கு வகுப்பில் முதல் பெஞ்சில் உட்காரும் பெண்களின் ஞாபகம் வந்தது.

"எக்ஸ்ரே எடுத்தாச்சே டாக்டர், அதுல தெரியாதா?" என்று கேட்டார்.

"நாப்பது தாண்டின யாரை எடுத்தாலும் தேய்மானம் தெரியும் சார். உங்களை எடுத்தாலும் தெரியும். ஆனா தேய்மானம் இருக்கிற எல்லாருக்கும் வலிக்கிறதில்ல. வலி படத்துல விழாது."

"சுடுதுன்னா என்னத்தச் சுடுவிய?" இசக்கியம்மாள் கேட்டாள்.

"முதுகெலும்புக்குப் பின்பக்கம் ரெண்டு வரிசையாச் சின்னச் சின்ன மூட்டு இருக்கும்மா, விரல் நகம் அளவுக்கு. நாம குனிய, நிமிர, திரும்ப அதுதான் உதவி. அது கெட்டுப்போனா நூல் மாதிரி ஒரு நரம்பு சேதியை எடுத்துட்டு மூளைக்கு ஓடும். ஊசியை விட்டு, நுனியைச் சூடாக்கி அந்த நரம்பை மட்டும் சுட்டுருவோம். வெட்டு இல்ல, தையல் இல்ல, சாயங்காலம் வீட்டுக்குப் போயிரலாம். ஒரு வருஷம், ஒன்றரை வருஷத்துல நரம்பு திரும்ப வளரும். வலி வந்தா மறுபடி செஞ்சுக்கலாம்."

"அப்ப நேராச் சுட்டுர வேண்டியதுதானே, எங்களை எதுக்குக் குத்துதிய?"

"அப்படித்தாம்மா முன்னால கண்டபடி சுட்டாங்க. வலி வேற இடத்துல இருந்திருக்கும், நல்ல நரம்பு போனதுதான் மிச்சம். அதான் சாட்சி வேணும்ங்கிறாங்க."

"நீங்களே பாத்துக்கலாமே," என்றார் லிங்கதுரை.

"இவங்க காலையில எப்படி எந்திரிக்கிறாங்க, எப்படிக் குடத்தைத் தூக்குறாங்கன்னு நான் பார்த்ததில்லையே சார். கண்ணால பார்த்ததும் உடம்புல பட்டதும் ஒத்துப்போகுதான்னு கூட இருக்கிறவங்களுக்குத்தான் தெரியும். ஒருத்தர் பின்னால ஒருத்தர் வாங்க. பத்துக்கு எத்தனைன்னு ஒரு மார்க் சொன்னாப் போதும். ரெண்டு பேருல ஒருத்தர் ரொம்பக் குறைச்சுச் சொன்னாலும் இந்த வருஷம் செய்ய முடியாது."

"குறைச்சுன்னா? எத்தனைக்குக் கீழ?"

"பாஸ் மார்க்கை முன்னாலயே சொல்லிட்டா பரீட்சை எதுக்கு சார்?"

அவருக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. மார்க் போடச் சொன்னதும் பிடித்திருந்தது. பாரபட்சம் இல்லாமல் பார்க்கலாம் என்று நினைத்துக்கொண்டார். இரண்டு இருக்கும், மிஞ்சினால் மூன்று.

முதலில் இசக்கியம்மாள் போனாள். திரும்பி வந்தவள் நேராகக் குழாயடிக்குப் போய் முகத்தைக் கழுவினாள். இருவரும் முடிக்கும்வரை பேசிக்கொள்ளக் கூடாது என்பது விதி. பேசலாம் என்றாலும் அவள் பேசியிருக்க மாட்டாள் போலிருந்தது. பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து தரையையே பார்த்தாள். சும்மா கிடந்த கிழவியை ஊசியால் குத்திவிட்டார்கள் என்று கோபம், வீட்டுக்குப் போனதும் பொன்செல்விக்கு இருக்கிறது என்று லிங்கதுரை எண்ணிக்கொண்டார்.

உள்ளே அவரைக் குப்புறப் படுக்கச் சொன்னார்கள். இடுப்புக்கு மேலே மரத்துப்போக ஒரு ஊசி, பிறகு மயிரிழை போல ஒரு கம்பி. பக்கத்தில் ஒரு திரை. திரைக்கு அந்தப் பக்கம் பொன்செல்வி நின்றாள். அவள் முதுகிலும் அதே மாதிரி ஒரு கம்பி. நடுவில் டாக்டர், ஒரு பெட்டியோடு.

"பொன்செல்வி, சும்மா நில்லுங்க. கடையில நிப்பீங்கல்ல, அது மாதிரி."

முதுகில் ஒரு கனம் வந்து உட்கார்ந்தது. இவ்வளவுதானே என்று நினைத்தார் லிங்கதுரை. அது போகவில்லை. கதவிடுக்கில் மாட்டிய விரலை யாரோ எடுக்கவிடாமல் பிடித்துக்கொண்டிருப்பது போல, இருந்த இடத்திலேயே இறுகியது. புரண்டு படுத்தால் சரியாகும் என்று உடம்பு சொன்னது. புரண்டார். சரியாகவில்லை, ஏனென்றால் புரள வேண்டிய முதுகு அந்தப் பக்கம் இருந்தது.

"இப்ப பின்னால அலமாரியில சேலை எடுக்கிற மாதிரித் திரும்புங்க."

லிங்கதுரையின் வாய் தானாகத் திறந்தது. சத்தம் வெளியே வருவதற்குள் தலையணையைக் கவ்விக்கொண்டார். பழுக்கக் காய்ச்சிய எதையோ எலும்புக்குள் வைத்துத் திருகுகிறார்கள். அது இடுப்பைத் தாண்டிப் பின்தொடை வரை இறங்கியது. கால் விரல்கள் மடங்கின. கண்ணில் நீர் கட்டியது.

அப்போதுதான் திரைக்கு அப்பாலிருந்து அவள் குரல் கேட்டது.

"இந்தப் பக்கமும் திரும்பணுமா டாக்டர்?"

சாதாரணக் குரல். காப்பிக்குச் சர்க்கரை போதுமா என்று கேட்கிற குரல். தினமும் வீட்டில் கேட்கிற குரல். அந்தக் குரலை வைத்துத்தான் இத்தனை வருஷமும் அவர் கணக்குப் போட்டிருந்தார். உண்மையிலேயே வலிக்கிறவள் இப்படியா பேசுவாள் என்று. இதே வலியோடுதான் அவருக்கு வெந்நீர் தூக்கிவைத்தாள். குடத்தை எடுப்பதற்கு முன் சுவரில் கையை வைத்துக் கொஞ்ச நேரம் நிற்பாளே, அதைச் சோம்பல் என்று நினைத்திருந்தார். சோம்பல் என்று ஒரு தடவை சொல்லியும் இருக்கிறார், சிரித்துக்கொண்டே.

"திரும்புங்க. பின்பக்கமா லேசாச் சாய்ங்க. போதும், போதும். உக்காருங்க பொன்செல்வி."

பெட்டியை அணைத்துவிட்டார்கள். வலி இருந்த இடமே தெரியாமல் போனது. லிங்கதுரைக்கு வேர்த்து ஊற்றியிருந்தது. தலையணை உறையில் பல் பதிந்த ஈரம். அதைக் கையால் மறைத்துக்கொண்டார்.

"சொல்லுங்க சார். பத்துக்கு எத்தனை?"

பத்து என்று சொல்ல வேண்டும். அதைத் தவிர வேறு விடை கிடையாது என்று அவருக்கே தெரியும். ஆனால் பத்து என்று சொன்னால், அத்தனை ஆஸ்பத்திரி நாற்காலிகளிலும் உட்கார்ந்து சிரித்த சிரிப்பை என்ன செய்வது? ஒவ்வொரு டாக்டரும் அவர் சொல்லை நம்பித்தான் தைலத்தோடு அனுப்பினார்கள். திரைக்கு அப்பால் அவள் கேட்டுக்கொண்டிருக்கிறாள். பத்து என்ற ஒரு சொல்லில், அவளை இவ்வளவு நாள் இந்த வலியில் நிறுத்திவைத்தது யார் என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும். தெருவில் எல்லாரும் உதாரணம் காட்டுகிற மனுஷன் அத்தோடு செத்தான்.

"ரெண்டு..." என்று ஆரம்பித்தார். அது அவருக்கே அநியாயமாகப் பட்டது. "மூணுன்னு வச்சுக்கிடலாம்."

டாக்டர் காத்திருந்தார்.

"மூணரை. மூணரை போடலாம் டாக்டர்."

திரைக்கு அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. அந்தச் சத்தத்தைக் கேட்டபோது லிங்கதுரைக்குத் தன் உடம்பே அசிங்கமாக இருந்தது. மாற்றிச் சொல்லிவிடலாம், இன்னும் நேரம் இருக்கிறது என்று நினைத்தபடியே எழுந்து சட்டைப் பொத்தானைப் போட்டார். போட்டு முடித்தபோது டாக்டர் அடுத்த அறைக்குப் போயிருந்தார்.

இனி அவ்வளவுதான், ஒரு வருஷம் போயிற்று, என் வாயால் போயிற்று என்ற நினைப்போடுதான் டாக்டரின் மேசைக்கு எதிரே உட்கார்ந்தார். ஒரு பக்கம் பொன்செல்வி, மறுபக்கம் அம்மா.

"மத்தியானமே செஞ்சிருவோம்," என்றார் நிலோபர்.

லிங்கதுரைக்குக் காதில் விழுந்தது புரியவில்லை. "நான் மூணரைதானே..."

"அதான் சார் உங்களைப் பாராட்டணும். பொதுவா வீட்டுக்காரங்க ஒண்ணு, ஒண்ணரை, அதுக்கு மேல தாண்ட மாட்டாங்க. மனசு வராது. நீங்க நேர்மையாச் சொல்லியிருக்கீங்க." அவர் முன்னால் சாய்ந்தார். "இப்ப சொல்லலாம். சாட்சிக்கு நாங்க முழு வலியைத் தரக் கூடாது. கால் பங்குதான். முன்னாலயே சொன்னா ஆளாளுக்கு நாலால பெருக்கிச் சொல்லிருறாங்க, அதனால சொல்றதில்ல. ரெண்டரைக்கு மேல சொன்னாலே போதும்."

மூன்றரையை நாலால் பெருக்கினால் பதினாலு. வேண்டாம் என்றாலும் அவர் மூளை பெருக்கிவிட்டது. பத்துக்குப் பதினாலு, அதுவும் குறைத்துப் போட்ட மார்க்கிலேயே. உண்மையான மார்க்கைப் பெருக்க அவருக்குத் தைரியம் வரவில்லை. கால் பங்குக்குத்தான் தலையணையைக் கடித்தார். மீதி முக்கால் பங்கையும் சேர்த்துச் சுமந்தவள் பக்கத்தில் உட்கார்ந்து, வளையலைத் திருகிக்கொண்டிருக்கிறாள். முதலில் வாயில் வந்த இரண்டோடு நிறுத்தியிருந்தால் அவளை வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள்.

"அத்தை எத்தனை சொன்னாக?" பொன்செல்வி மெல்லக் கேட்டாள்.

"ஒன்பது. வித்தியாசம் இருக்கத்தான் செய்யும். சாருக்குத் தாங்குற சக்தி ஜாஸ்தி போல."

"யாருக்கு, இவனுக்கா?" என்றாள் இசக்கியம்மாள். "சின்னதுல ஊசி போட வந்த நர்சம்மா கையைக் கடிச்சு வச்ச பய."

டாக்டர் சிரித்தார். பொன்செல்வியும் சிரித்துவிட்டாள். இசக்கியம்மாள் மட்டும் சிரிக்காமல் மகனைப் பார்த்தாள். லிங்கதுரை சுவரில் இருந்த முதுகெலும்புப் படத்தைப் பார்த்துக்கொண்டார்.

வெளியே வராந்தாவில் இசக்கியம்மாள் மருமகளின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "ஏட்டி, உன்ன நான் என்னெல்லாம் பேசிட்டேன். ஒரு தடவையாவது என்ன ஏசியிருக்கக் கூடாதா நீ?" என்று ஆட்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு அழுதாள். "விடுங்க அத்தை, எல்லாரும் பாக்காக," என்று பொன்செல்வி அவள் கண்ணைத் துடைத்துவிட்டாள். லிங்கதுரை தள்ளி நின்றார். வாய்விட்டுத் திட்டியவளுக்கு வாய்விட்டு அழ முடிந்தது. தன்னால் அது முடியவில்லையே என்று அம்மா மேல் அவருக்குப் பொறாமையாகக்கூட இருந்தது. அந்தப் பொறாமையை நினைத்தும் வெட்கமாக இருந்தது.

மத்தியானம் அவளை உள்ளே கூட்டிப்போனார்கள். அவர் ஒரு சினிமாப் பாட்டு ஓடுகிற டிவிக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். அவள் திரும்பி வரும்போது நடந்தே வந்தாள். மரத்துப்போகிற ஊசி போட்டிருப்பதால் இப்போதே லேசாகத் தெரியும், முழுப் பலன் போகப் போகத் தெரியும், ஒரு வாரம் கடைக்குப் போகாமல் இருக்கட்டும் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார்.

ஆட்டோவில் பொன்செல்வி நடுவில் உட்கார்ந்தாள். வண்ணார்பேட்டை மேம்பாலத்தில் ஏறியபோது அவள் கை அவர் கையின் மேல் வந்து உட்கார்ந்தது. அம்மா பக்கத்தில் இருக்கும்போது அவள் அப்படிச் செய்கிறவள் இல்லை.

"ஒண்ணு சொன்னா நெனச்சுக்கிட மாட்டியளே?" என்றாள். "நீங்க சைபர் சொல்லுவியன்னுதான் நெனச்சிருந்தேன். இன்னைக்கும் திரும்பிப் போகணும்னு மனசைத் தேத்திக்கிட்டுத்தான் வந்தேன். திரைக்கு அங்க இருந்து மூணரைன்னு கேட்டதும் எனக்கு அழுகையே வந்துட்டு. கூட ஒரு அரையும் போட்டியளே. என்னைய நம்பிட்டியளேன்னு இருந்துச்சு."

அந்த மூக்கை உறிஞ்சிய சத்தம் அதுவா? இப்படியே விட்டுவிடலாம். அவள் சந்தோஷமாக இருக்கிறாள். நினைத்தது நடந்தும்விட்டது. இதில் யாருக்கு நஷ்டம்?

"அடுத்த வருஷம் வலி வந்தாலும் நீங்கதான் சாட்சிக்கு வரணும்," என்றாள் அவள். "எனக்கு வேற யாரு இருக்கா?"

மறுபக்கத்திலிருந்து இசக்கியம்மாளின் குரல் வந்தது. அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "உள்ளதச் சொல்லுலே."

"என்னத்த அத்தை?" என்றாள் பொன்செல்வி.

"செல்வி," என்றார் லிங்கதுரை. அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை. ஆட்டோ டிரைவர் கேட்டால் கேட்டுவிட்டுப் போகட்டும் என்று மறுபடி சொன்னார். "செல்வி, நான் சொன்னது பொய். மூணரை எல்லாம் இல்ல. தாங்க முடியல எனக்கு. சத்தம் வெளிய வரக் கூடாதுன்னு தலையணையைக் கடிச்சிட்டுக் கெடந்தேன். உள்ளதச் சொன்னா, இத்தன வருஷமா நான் ஒவ்வொரு டாக்டர்ட்டயும் சொன்னது... அதுக்கு வெக்கப்பட்டுக்கிட்டுத்தான் கொறச்சுச் சொன்னேன்."

அவள் அவர் பக்கம் திரும்பினாள்.

"எவ்வளவு வலிக்கின்னு தெரிஞ்சேவா?"

"தெரிஞ்சேதான்."

"முன்னாலெல்லாம் நீங்க தெரியாமச் சொல்லுதியன்னு நெனச்சிருந்தேன்," என்றாள் பொன்செல்வி. காப்பிக்குச் சர்க்கரை போதுமா என்று கேட்கிற அதே குரல்தான். "அதான் என்னால உங்க கூட இருக்க முடிஞ்சுது."

அவர் கையின் மேலிருந்து அவள் கை போய்விட்டது. முன்னால் வேகத்தடை. ஆட்டோ ஏறி இறங்கியபோது அவளுக்கு வலித்திருக்காது. ஆனாலும் எதிரே இருந்த கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். வீடு வந்து சேரும்வரை அதை விடவில்லை.